பின் சீட்டுக் காவல்

"கிளட்ச் இன்னும் கொஞ்சம் பழகணும்மா. இந்த வாரமும் டெஸ்ட் வேணாம்" என்றார் டிரைவிங் மாஸ்டர், கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தபடி.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் பின் சீட்டில் இருக்கும் மகராசியின் வேலை! மாஸ்டரின் மனைவி, மடியில் கைக்குழந்தையோடு, கண் இரண்டும் சிவக்க இவள் பிடரியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் வகுப்புக்கு அந்த அம்மா வருவதே இல்லை. இவளுக்கு மட்டும்தான் இந்தக் காவல். ஏறும்போது வீறிட்டுக் கத்திய குழந்தைகூட இப்போது மூச்சுவிடவில்லை, வண்டிக்குள் அப்படியொரு இறுக்கம்.

மாஸ்டருக்கோ பாதித் தலை வழுக்கை, சட்டை பூராவும் கசங்கல். இந்த அழகுக்குச் சந்தேகம் வேறு!

"மாஸ்டர், அந்த மளிகைக்கடைக்காரர் ஓட்டினா வண்டி தவளை மாதிரி குதிக்குது. அவருக்கு டெஸ்ட் தேதி குடுத்துட்டீங்க. எனக்கு மட்டும் என்ன குறைச்சல்?"

"அவரு... அவரு பரவாயில்ல. நீங்க இன்னும் கொஞ்ச நாள்..." மாஸ்டர் மென்று விழுங்கினார்.

கொஞ்ச நாளாம்! வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை இவளுக்கென்றே காத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லையென்றால் அடுத்த மாதம் அது இன்னொருத்திக்கு. ஆசைப்பட்ட வேலை, யாரோ ஒருத்தியின் வீண் சந்தேகத்தால் கைநழுவுவதா?

பொறுத்தது போதும் என்று நினைத்தாள். வண்டியை ஒரு குலுக்கல் இல்லாமல் ஓரங்கட்டி நிறுத்தினாள், திரும்பினாள்.

"அக்கா, உடைச்சே கேக்கறேன். என்மேல சந்தேகமா? உங்க வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் மாதிரி. டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க, அப்புறம் இந்தத் தெருப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!"

மாஸ்டர் ஸ்டியரிங்கையும் பின் சீட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "அம்மா, பேச்சு அப்புறம், முதல்ல வண்டிய எடுங்க" என்று கெஞ்சினார்.

"அதெல்லாம் முடியாது. எனக்கு இப்பவே பதில் தெரியணும்."

மடியில் லேசாக ஒரு சிணுங்கல். அந்த அம்மாவின் முகம் வெளிறிப் போயிற்று. சிவந்த கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்ட, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ தங்கச்சி, நீ பாஸாகிப் போயிட்டா இவன யாரு தூங்க வைப்பா?"