பெரிய சொல்

நூலகத்தில் மாட்டிக்கொண்ட அந்த நாள் செவ்வாய்க்கிழமையா, புதன்கிழமையா என்று தணிகாசலத்துக்கு இப்போது நிச்சயமில்லை. நூலகத்து ஆங்கிலப் பத்திரிகையில் தினமும் ஒன்பது எழுத்துகளைக் கொடுத்து, அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் சொற்களைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். காலையில் தணிகாசலம் முதல் ஆளாக வந்து இருபது சொற்களைப் பென்சிலால் எழுதுவார். ஒன்பது எழுத்தும் சேர்ந்த பெரிய சொல்லை மட்டும், தெரிந்தாலும், எழுதாமல் விடுவார். மறுநாள் பழைய தாளை எடுத்துப் பார்த்தால் யாரோ சாய்ந்த கையெழுத்தில் அதை எழுதியிருப்பார்கள். தனியாளான அவருக்கு ஒரு நாளைக்கு அந்தத் துணை போதும்.

அன்று நூலகர் தமயந்தி தாளைத் தூக்கிக் காட்டினார். "இதுல கிறுக்குறது யாருங்க? நாளையிலேருந்து இந்தப் பக்கத்த எடுத்துட்டுத்தான் பேப்பரப் போடுவேன்."

"நான்தாம்மா" என்று எழுந்தார் தணிகாசலம்.

"இந்தப் பெரிய வார்த்தையுமா? கையெழுத்து வேறயா இருக்கே?"

தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கும் ரெஜினா எழுந்தாள். "அது நான் மேடம். பாவம், சாருக்கு அது ஒண்ணு மட்டும் வரவே மாட்டேங்குது."

தணிகாசலம் தலையாட்டினார், ஆமாம் என்று.

தமயந்தி சிரித்துவிட்டார். அன்றே அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். பிறகு அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். ரெஜினா எதிர் நாற்காலிக்கு வந்துவிட்டாள். தணிகாசலம் பெரிய சொல்லைத் தினமும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.