பெரிய பள்ளிக்கூடத்து ஏச்சு

மணி அடித்ததும் கற்பிட்டிப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரேயடியாக முற்றத்துக்குப் பாய்ந்தார்கள்.

டொறத்தி மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அனுஷ்காவுக்கு இனி ஆறாம் வகுப்பு. உச்சமுனைத் தீவிலிருந்து காலையில் படகேறி வந்தது, பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறாளே, இந்தப் பள்ளிக்கூடத்தை ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம் என்றுதான்.

காட்டியாயிற்று. இந்தக் கூட்டத்துக்குள் விட்டால் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?

தீவில் இருப்பதோ ஒரு கைப்பிடிப் பள்ளிக்கூடம். ஆனாலும் அங்கே அனுஷ்காவை எல்லாரும் உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார்கள். போன மாதம் அவளும் கூடப் படிக்கும் தினுஷனும் விளையாடிக் கூரை ஓடு ஒன்றை உடைத்தபோது, தினுஷன் வெயிலில் முழங்காலில் நின்றான். இவள் கையில் வகுப்புச் சேர் ஒரு டொபி வைத்தார்.

"அதுக்குப் பொறகு ஒருத்தரும் என்ன ஆட்டத்துக்குச் சேக்கிறாங்க இல்லம்மா," என்று பிள்ளை சொல்லிப் பார்த்தாள்.

டொறத்தி அதை ஒரு கதையாகவே எடுக்கவில்லை.

இப்போது போகலாம் என்று திரும்பியபோதுதான் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது.

யாரோ ஒருத்தி தொட்டுவிட்டு ஓட, அவளைத் துரத்திக்கொண்டு அனுஷ்காவும் ஓடினாள். ஓடி, மூலையில் திரும்பி வந்த ஆசிரியை மேல் போய் மோதினாள். ஆசிரியையின் கையிலிருந்த கோப்பை கவிழ்ந்து, சேலை முழுக்கப் பிளேன்டீ.

"கண் எங்கடி இருக்கு ஒனக்கு, பிடரியிலயா? இது பள்ளிக்கூடமா, மீன் வாடியா? யாருட புள்ள நீ?"

தீவில் யாரும் கேட்காத கேள்வி அது.

டொறத்தி பதறி ஓடினாள். பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கரைக்கு வந்தால் கடையிலும் அரசாங்கக் கந்தோரிலும் அவள் முதலில் சொல்வது அதைத்தான். சொன்னதும் எந்த முகமும் இளகிவிடும்.

அனுஷ்கா தாயைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினாள்.

ஏச்சு வாங்கிய முகம்தான். ஆனால் அழுகிற முகமில்லை. தொட்டுவிட்டு ஓடியவள் தூணுக்குப் பின்னால் வாயைப் பொத்திச் சிரிக்க, இவளுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

ஆசிரியை இன்னும் பதிலுக்குக் காத்து நின்றாள்.

'தகப்பனக் கடல் கொண்டுபோன புள்ள, மிஸ்.'

டொறத்தி அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"என்ட புள்ளதான், மிஸ். வாற கெழம இங்க சேக்கிறன். நல்லா ஏசுங்க."