அத்தர் மட்டும்

முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து தண்ணிப் பம்பு திருத்தும் கடை போட்டிருந்தான் அர்ஷாக். அவனுடைய சட்டையில் ஏறிய மண்ணெண்ணெய் நாற்றம் எத்தனை தரம் தோய்த்து அத்தர் பூசினாலும் போகாது. பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வருவதற்கு முதல் நாள், கம்பஸில் இரசாயனம் படித்த அவனுடைய அக்கா, ஸாஜிதா ராத்தா, அந்தச் சட்டையை வாங்கி, வெள்ளைத் தூள் பொட்டலம் ஒன்றுடன் பிஸ்கட் தகரப் பேணிக்குள் வைத்து மூடினாள்.

"அத்தர் வாசமும் போயிடுமே, ராத்தா?"

"போகாது. இந்தத் தூளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குழியள் இருக்கு. அதுக்குள்ள மண்ணெண்ணெய்தான் பொருந்தும், அத்தர் பொருந்தாது."

மறுநாள் சட்டையில் அத்தர் மட்டுமே மணத்தது. பெண்ணின் வாப்பா மீராசாகிபு ஸலாம் சொல்லி அவனைத் தழுவினார். மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"பம்பு திருத்திற மாப்பிள்ளை எண்டுதானே சொன்னவை? மண்ணெண்ணெய் மணமே இல்லையே! தம்பி உண்மையில வேலைக்குப் போறவரோ?"

அர்ஷாக் ராத்தாவைப் பார்த்தான். ஸாஜிதா பதறவில்லை. பொட்டலத்தைக் கொண்டுவந்து, கொதிக்கிற கேத்தில் மூடியின்மேல் வைத்தாள்.

"சூடு பட்டாப் பிடிச்சதைத் திருப்பித் தந்திடும், மாமா."

வீடே மண்ணெண்ணெய் மணத்தது. மீராசாகிபு நெஞ்சு நிறைய இழுத்தார்.

"என்ர பம்பு மூண்டு மாசமாச் சும்மா கிடக்கு. நாளைக்கே வந்து பாருங்கோ, மருமகன்!"