தலைக்கு மேல் ஒரு பாய்

"காயட்டும். பாயை நான் எடுக்கமாட்டேன்," என்றாள் மாலியா.

முற்றத்தில் விடிந்ததிலிருந்து ஒருவன் மண்டியிட்டுக் குனிந்திருந்தான். தலையோடு முதுகையும் மூடிய மெல்லிய தாழம்பாய். அதற்கு வெளியே தெரிந்தவை இரண்டு வெள்ளைப் பாதங்கள் மட்டும்.

சமோவாவில் குற்றம் செய்தவன் இப்படித்தான் வந்து உட்காருவான். அடிபட்ட வீட்டார் பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் அவன் தலைக்கு யாரும் பொறுப்பில்லை. மாலியாவின் கொழுந்தன் பிலி வெட்டுக்கத்தியோடு சீமைப்பலா மரத்தடியில் காத்திருந்தான்.

"அண்ணி, தலையை மட்டும் ஆட்டுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"பொறு பிலி, அவசரப்படாத," என்று குறுக்கே வந்தான் தாவிட்டா. அவன் மாலியாவின் தம்பி. கடற்கரையில் ஓலைக் குடில்கள் போட்டு, ஊர் சுற்ற வருகிறவர்களைத் தங்கவைத்துப் பிழைப்பவன். பாய்க்கு அடியில் இருந்த மார்ட்டின் அவனுடைய விருந்தாளிதான். "தப்பு என்னோடதுதான்க்கா. சும்மா ஒரு சுத்து போய்ட்டு வரேன்னு கேட்டான். வண்டிச் சாவியைக் குடுத்துட்டேன்."

முந்தின நாள் சாயங்காலம் ஜெபச் சங்கு ஊதியிருந்தது. சங்கு ஊதிவிட்டால் இந்த ஊரில் கோழிகூட ரோட்டைத் தாண்டாது. அந்த நேரத்தில் வண்டிகள் வராமல் மறித்து நிற்பது மாலியாவின் புருஷன் சிமியின் முறை. நின்றவனைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டு, நிற்காமல் போய்விட்டது வண்டி. இடுப்பெலும்பு நொறுங்கி டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் சிமி. இனி நடப்பானா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை.

"சங்கு ஊதினப்புறம் வண்டி ஓட்டறவன் என்ன ஜென்மம்டா?" என்றாள் மாலியா. "நம்ம ஊர்ல பொறந்தவன் எவனாவது செய்வானா?"

"செய்வானாக்கா?" என்றான் தாவிட்டா, தரையைப் பார்த்தபடி. "வெளியூர்க்காரன். அவனுக்கு என்ன தெரியும்?"

"ஆளை இடிச்சா நிக்கணும்னு கூடவா தெரியாது? நம்ம பாட்டு, நம்ம ஆட்டம், நம்ம பச்சைகுத்து, எல்லாத்தையும் படம் புடிக்க மட்டும் தெரியுதா? ரோட்டுல கெடந்து துடிச்சாரே, அவரு மனுஷனாத் தெரியலையா?"

புருஷன் வீட்டில் இருந்தால் இந்நேரம் அடுப்புக் கல்லைக் காயவைத்து, கிழங்கைச் சுட்டுக்கொண்டிருப்பான். இன்று அடுப்பு அணைந்து கிடந்தது.

வெயில் ஏறியது. வெள்ளைப் பாதங்கள் சிவந்தன. சிவப்பெறும்புகள் வரிசையாக ஏறிக் கடித்தன. ஆனாலும் அவன் அசையவில்லை. மாலியா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நம் பையன்களே இவ்வளவு நேரம் தாங்கமாட்டார்களே என்று தோன்றியது.

"பாருக்கா," என்று மெல்ல ஆரம்பித்தான் தாவிட்டா. "நம்ம வழக்கத்தை மதிச்சு வந்து உக்காந்திருக்கான். என் பொண்டாட்டியோட கல்யாணப் பாயையே எடுத்துக் குடுத்திருக்கேன். நீ பாயை எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுது. போலீஸ் வேணாம், பகை வேணாம். அப்புறம் இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக்கூடாது. அதுதானே முறை?"

சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது.

"எவனோ ஒருத்தனுக்காக நீ அழறியேடா," என்றாள் மாலியா. கோபம் தீரவில்லை. ஆனாலும் இப்படி ஒரு தம்பி வாய்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் முற்றத்தில் இறங்கினாள். ஒரு நிமிஷம் தயங்கி நின்றாள். பிறகு குனிந்து பாயை எடுத்தாள். பிலி கத்தியை மரத்தடியில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எந்திரி, எந்திரி, போலாம்," என்று மார்ட்டினின் தோளைப் பிடித்து அவசரமாக இழுத்தான் தாவிட்டா.

மார்ட்டினால் உடனே எழ முடியவில்லை. முட்டி மரத்துப்போயிருந்தது. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. மாலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினான். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

"ரொம்ப நன்றிம்மா. உங்க சடங்குல நானும் ஒருத்தனா உக்காந்தது என் பாக்கியம். நேத்து டவுன்லேருந்து திரும்பும்போது எங்க வண்டியில அடிபட்டது உங்க வீட்டுப் பன்னியாமே? நான் பின்சீட்ல தூங்கிட்டேன், எதுவும் தெரியலை. வண்டி ஓட்டின இவர்தான் சொன்னார், ஓட்டினவர் உக்கார்றதைவிட விருந்தாளி உக்காந்தா அந்த வீட்டுக்கு இன்னும் கவுரவம்னு."

பிலி கத்தியைத் திரும்ப எடுத்தான். மாலியா ஒரு கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

"பன்னியாடா?" என்று தம்பியிடம் கேட்டாள். அவன் மார்ட்டினின் தோளிலிருந்து கையை எடுத்தான்.

அவள் பாயைக் கொண்டுபோய்த் தம்பியின் தலைமேல் போட்டாள்.

"உக்காரு. உன் மச்சான் நடந்து வந்து எடுக்கட்டும்."