விறாந்தையில் ஒரு மெசின் வாள்

"வாளைத்தானே கேக்கிறம், உன்ரை காணி உறுதியையே கேக்கிறம்?"

வட்டவிதானையார் சிற்றம்பலம் பொறுமையான மனிதர். குடியேற்றத் திட்டம் முழுவதற்கும் தண்ணீர் முறை பார்க்கிறவர் பொறுமையில்லாமல் ஒரு போகம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அவரே அன்று குரலை உயர்த்திவிட்டார்.

பரமலிங்கம் விறாந்தைக் கப்பில் சாய்ந்து நின்றான். பின்னால், வெள்ளைத் துணி விரித்த மேசையில், மரம் அறுக்கிற அந்த மெசின் வாள் இருந்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்துச் சாமான். காடு வெட்டி முடிந்ததும் பழைய இரும்பென்று ஏலத்தில் போனதை இவன் எடுத்தான். இப்போது சிவப்புப் பெயின்றும், நேற்றைய ஆயுதபூசைச் சந்தனமும் குங்குமமுமாக மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது.

இரவு மழைக்குப் பெரிய மருதமரம் ஒன்று கழிவு வாய்க்காலுக்குக் குறுக்கே சரிந்துவிட்டது. வெள்ளம் வடிய வழியில்லை. வயல்களில் நெல் அப்போதுதான் முளை விட்டிருந்தது. மரத்தை அன்றே அறுத்து எடுக்காவிட்டால் முளை அழுகிவிடும்.

"பூசையிலை வைச்சது. எடுக்கேலாது" என்றான் பரமலிங்கம்.

முற்றத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பின்னே என்ன? அன்று விசயதசமி. பூசையில் வைத்ததை எடுத்துப் பேருக்காவது ஒரு வேலை செய்ய வேண்டிய நாளே அதுதான். விடிய எழும்பி ஏர்க்காரர் நிலத்தைக் கீறியிருந்தார்கள். பெண்கள் பூசைக் கத்தியால் ஒரு கத்தரிக்காயாவது வெட்டியிருந்தார்கள். பரமலிங்கத்தின் வாள் மட்டும் மேசையைவிட்டு அசையவில்லை.

வாள் என்று நினைத்துத்தான் கேட்க வந்தோம், சாமி விக்கிரகம் என்று தெரியாமல் போய்விட்டது என்றார் ஒருவர். கதவு நிலையில் நின்ற பத்மாசனிக்குப் புருசனை நினைத்து முகம் கூசியது.

அப்போதுதான் தவராசா படலையைத் திறந்துகொண்டு வந்தான். கக்கத்தில் ஊன்றுகோல். காடு வெட்டும்போது மரம் விழுந்து ஒரு கால் போனவன். அதற்குப் பிறகு அவன் திருத்திய முதல் இயந்திரம் இந்த வாள்தான். இதைப் பார்த்துத்தான் சனம் அவனை நம்பிச் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் கொண்டுபோகத் தொடங்கியது. சந்தியில் இப்போது அவனுக்கென்று ஒரு கொட்டில் இருக்கிறது.

"அண்ணை, நான் இருந்து இருந்து இதைத் திருத்தினது உங்கடை விறாந்தைக்கு வடிவு பாக்கவே?" என்றான். "வெட்டாத வாளையே நான் செய்து தந்தனான்? சனத்தின்ரை வயல் தாழுது. நீங்கள் துணி விரிச்சுப் பூ வைக்கிறியள். விடுங்கோ, நானே ஸ்ராட் பண்ணிக் கொண்டுபோறன்."

"தொடாதை தவராசா. என்ரை சாமான், என்ரை விருப்பம்."

"உங்களிட்டை இவ்வளவு சின்னப்புத்தி இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை" என்றான் தவராசா. இன்னும் என்னவெல்லாமோ சொன்னான். அத்தனையையும் எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னான். பரமலிங்கம் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போய், இரண்டு பேர் இழுக்கிற கைவாளைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தான்.

மறுமுனையைப் பிடிக்க ஒருவரும் முன்வரவில்லை. வெகுநேரம் கழித்து வட்டவிதானையார்தான் பிடித்தார், அதுவும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. மற்றவர்கள் கோடாலியால் கொப்புகளைத் தறித்தார்கள். தேத்தண்ணி சுற்றி வந்தபோது பரமலிங்கத்தைத் தாண்டிப் போனது. அவனும் கேட்கவில்லை. பொழுதுபடும் நேரம் அடிமரம் இரண்டு துண்டாகி, வெள்ளம் சத்தத்தோடு இறங்கியது. எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், அவனிடம் மட்டும் சொல்லவில்லை.

கிணற்றடியில் அவன் கைகழுவத் தண்ணீர் ஊற்றியபோதுதான் பத்மாசனி உள்ளங்கைகளைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கோபமும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன.

"அந்தச் சனியனை எடுத்திருந்தா இந்தக் கையும் மிஞ்சியிருக்கும், மானமும் மிஞ்சியிருக்கும்."

பரமலிங்கம் படலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அது வெட்டாது."

அவளுக்கு விளங்கவில்லை. தவராசா திருத்திக் கொண்டுவந்த அன்று வீடே அதிரச் சத்தம் போட்டதே என்றாள்.

"சத்தம் போடும். மரத்திலை வைச்சா நிண்டிடும். தைப்பொங்கலுக்கு முதலே காட்டுக்குள்ளை கொண்டுபோய்ப் பாத்திட்டன். உள்ளுக்குள்ளை தேய்ஞ்ச சாமான், மாத்துறதுக்கு இந்த நாட்டிலை இல்லை. அவன்ரை வேலையிலை ஒரு பிழையுமில்லை."

"அப்ப அதை எல்லாருக்கும் முன்னாலை சொல்லியிருக்கலாமே. அவனிட்டையாவது சொல்லியிருக்கலாம்."

"தன்ரை வேலையிலை பிழையில்லையெண்டு சொன்னா நம்புவானே? தன்னாலை இனி ஒண்டும் ஏலாதெண்டுதான் நினைப்பான்."

பரமலிங்கம் எரிகிற கைகளை ஊதிக்கொண்டே சொன்னான்:

"கால் போனதிலை இருந்து ஒரு வருசம் சுவரைப் பாத்துக்கொண்டு வாய் திறக்காமல் கிடந்தவன். இண்டைக்குச் சனத்துக்கு நடுவிலை நிமிர்ந்து நிண்டு என்னை ஏசினான். அதை நிப்பாட்டச் சொல்லுறியே?"