ஆற்றிலிருந்து இரண்டு விரல்

விம்பிள்டன் வீட்டு ஜன்னலால் மூன்று மணி வெயில் மேசையில் விழுகிறது. கண் மங்கிப்போன சேர் டெஸ்மண்டுக்கு, அவரைப் பராமரிக்கிற சயந்தினி, வக்கீல் அனுப்பிய கடிதத்தை வாசித்துக் காட்டுகிறாள். முப்பது வருடம் பாராளுமன்றத்தில் இருந்து, சட்டங்களில் கமாவைக்கூடத் திருத்திய மனிதர். போன வருடம் அயர்லாந்தின் பரம்பரை நிலத்தை விற்றபோது, ஆற்றில் தூண்டில் போடும் உரிமையைப் பத்திரத்தில் கவனமாக எழுதி வைத்துக்கொண்டார். மனைவியைப் புதைத்த குடும்ப மயானத்தை எழுத மறந்துவிட்டார். அவளுக்குப் பக்கத்தில் தனக்கொரு குழி கேட்டதற்குத்தான் இந்தப் பதில். "வாங்கினவர் ஏலாதெண்டிட்டார், சேர்." "போய்ப் பார்க்கவாவது?" "அதுக்கும் விடமாட்டினமாம்." எதிரே மகள் ரோஸலிண்ட் விரலில் கிடக்கும் தாயின் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறாள். "தூண்டில் போடப் போகலாமே, அப்பா. அதை மட்டும் நீங்கள் மறக்கவில்லை." ஆறிப்போன தேநீரில் ஆடை படர்கிறது. அவர் நிலத்தின் பழைய வரைபடத்தை விரிக்கச் சொல்கிறார். சயந்தினி அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து முதலில் ஆற்றில் வைக்கிறாள், பிறகு மயானத்துச் சிலுவைக் குறியில். "எவ்வளவு தூரம்?" "ரெண்டு விரல் அகலம், சேர்." அவள் பிடியை விட்டதும் அந்த விரல் தானாகவே ஆற்றுக்குத் திரும்புகிறது. அங்கேயே நிற்கிறது.