மாதிரி வீடு

‘மீனவர் வாழ்வை நேரில் உணருங்கள்’ என்று பலகை மாட்டுவதற்காக, கரையிலிருந்த மீனவர்களையெல்லாம் ஏழு மைல் தள்ளிக் குடிவைத்தார்கள். அவர்களில் ஒருத்தியான அவள் வீட்டை இடித்த இடத்தில் மாதிரி வீடு ஒன்று எழுந்தது. அதன் அடுப்படியில் ஒரு வெள்ளைச் சுண்ணாம்புச் சாந்துப் பொம்மை, மீனவன் மனைவியாம், பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது. அவளுக்கு அங்கே தரை துடைக்கிற வேலை கொடுத்தார்கள்.

கடலுக்குப் போன அவள் கணவன் திரும்பாமல் மூன்று வருடம் ஆகிறது. இப்போது தினமும் காலையில், வாசலிலிருந்து பொம்மை வரை ஈரக் காலடிகள் வந்து திரும்பியிருந்தன. இடது காலில் சுண்டுவிரல் இல்லை. அவனுக்கும் இல்லை.

பொறுப்பாளர் கடலில் கால் நனைக்காதவர். அவருடைய அறைக் கதவில் ‘கடலோரப் பண்பாட்டுக் காவலர்’ என்று எழுதியிருக்கும்.

“சார், அந்தப் பொம்மைய எடுத்துட்டு என்னைய நிக்க வைங்க. அவரு பழைய வீடுன்னு நெனச்சு வந்துட்டுப் போறாரு. புது வீட்டுக்கு வழி சொல்லணும்.”

“உன்னைய நிக்க வச்சா எவன்மா போட்டோ எடுப்பான்? போய்த் தொடை.”

மறுநாள் காலையில் அடுப்படி காலியாக இருந்தது. வந்த தடம் ஒன்று, போன தடம் இரண்டு. இரண்டாவது சின்னப் பாதம், வெள்ளை வெளேரென்று.

“பொம்மை எங்கம்மா?” என்று பொறுப்பாளர் கத்தினார்.

“வீட்டுக்காரரோட போயிட்டா சார்.”

அவள் வாளியை எடுத்து வந்து, வழக்கம்போல் வாசலிலிருந்து துடைக்கத் தொடங்கினாள். வெள்ளைத் தடத்தை மட்டும் இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது.